வில்லிஸ் ஜீப் வாகனும் அதன் வயதறியும் முறையும்



பழம்பொருள் ஒன்றைக் கையிலெடுக்கும் எவரும் முதலிற் கேட்கும் வினா, "இஃது எக்காலத்தது?" என்பதேயாம். கல்வெட்டாயின் அதிற் பொறித்த மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் நோக்குகின்றோம். அவை சிதைந்துபோயின் எழுத்தின் வடிவை நோக்குகின்றோம். ஏட்டுச் சுவடியாயின் அதன் இறுதியில் எழுதியுள்ள ஆண்டைப் படிக்கின்றோம். ஆனால், அவ்வாண்டு நூல் பிறந்த ஆண்டன்று, ஏடு படியெடுக்கப்பட்ட ஆண்டே என்பதை அனுபவமுள்ளோர் மறப்பதில்லை. இன்று நாம் ஆராயப் புகும் பொருள் கல்லுமன்று, ஏடுமன்று. அது சில்லுகளின்மேல் ஓடிய ஓர் உருக்கு வண்டி. எனினும், அதன் வயதை அறியும் முறை கல்வெட்டாராய்ச்சியினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகையோ மாநிலத்தில் டொலீடோ என்னும் நகர் உளது. அங்கே வில்லிஸ் ஓவர்லாண்ட் நிறுவனத்தார் 1946ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த ஸ்டேஷன் வாகன் என்னும் வண்டியையே எடுத்துக்கொள்கின்றோம். 1965ஆம் ஆண்டுவரை அது செய்யப்பட்டது. இருபதாண்டுக் காலத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அமெரிக்காவில் உருவாயின. அவற்றுள் எஞ்சியிருப்பனவற்றை இன்று பலர் விலைகொடுத்து வாங்கிப் பழைய நிலைக்குக் கொணர்கின்றனர். அங்ஙனம் வாங்குவோர் பலர் முதலிலேயே ஒரு சிக்கலில் அகப்படுகின்றனர். உரிமைப் பத்திரம் ஓர் ஆண்டைச் சொல்லும். முகப்பு வேறோர் ஆண்டைச் சொல்லும். இயந்திரமோ மூன்றாவதோர் ஆண்டைச் சொல்லும். இம்மூன்றனுள் எதனை நம்புவது? இதுவே நம் வினா.

இதற்கு விடைகாணுமுன் அவ்வண்டி பிறந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். காரணம் அறியாதவனுக்கு அடையாளம் பயன்படாது.

ஸ்டேஷன் வாகன் என்ற பெயர் புகைவண்டி நிலையத்தை ஒட்டிப் பிறந்தது. நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்வதற்கென அமைந்த வண்டிகளுக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. அவற்றின் உடல் மரத்தாலானது. மரவுடல் பார்வைக்கு அழகியது, பராமரிப்புக்கோ கொடியது. வெயிலும் மழையும் பட்ட மரம் வெடிக்கும். இணைப்புகள் தளர்ந்து ஓடும்போது ஓசையெழுப்பும். காலந்தவறாது வார்னிஷ் பூசாவிடின் உளுத்துப்போகும். 1935ஆம் ஆண்டிலேயே செவ்ரொலெட் நிறுவனத்தார் சபர்பன் என்னும் பெயரில் முழுவதும் உருக்காலான ஒரு வண்டியைச் செய்தனர். ஆயினும், அது பார வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் எழுந்தது. குடும்பத்தார் ஏறிச் செல்லும் மரவாகனுக்கு ஈடாக, உருக்குடலைப் பெருந்தொகையிற் செய்து சந்தைக்குக் கொணர்ந்த பெருமை வில்லிஸ் நிறுவனத்தையே சாரும்.

அப்பெருமை வசதியாற் பிறந்ததன்று, நெருக்கடியாற் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் நிறுவனம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைப் படைகளுக்குச் செய்தளித்தது. ஜீப் என்ற சொல் உலகெங்கும் பரந்தது. நம் நாட்டிலும், எந்த நிறுவனம் செய்ததாயினும் அவ்வமைப்புடைய வண்டியை 'ஜீப்' என்றே மக்கள் அழைப்பர். ஆனால், 1945இற் போர் முடிந்ததும் படைகளின் கட்டளைகளும் முடிந்தன. அந்நிறுவனத்திடம் புகழ் இருந்தது; கார் செய்வதற்கு வேண்டிய உடல் இல்லை. பெரிய கார்களின் வளைந்த தகடுகளை அழுத்தித் தரும் ஆலைகளோ பெரிய நிறுவனங்களின் வேலைகளில் மூழ்கியிருந்தன. சிறிய நிறுவனத்துக்கு அங்கே இடங் கிடைக்கவில்லை.

இந்நிலையில் மில்வோக்கி நகரைச் சேர்ந்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் வழி கண்டார். ஆழமாக அழுத்தவியலாத எளிய அச்சுகளிலேயே செய்யத்தக்க தட்டையான தகடுகளைக் கொண்டு ஒரு வண்டியை அவர் வரைந்தார். பக்கங்கள் நிமிர்ந்து நிற்கும். கூரை தட்டையாக ஓடும். முன்மட்கார்ட்டுகள் படை ஜீப்பினுடையவற்றை நினைவூட்டும். குறையை மறைப்பதற்குப் பதிலாக அக்குறையையே உருவமாக்கிக்கொண்டார் எனலாம். அவ்வுருவம் பார்த்த அளவிலேயே 'இது ஜீப்பின் உறவு' என்று சொல்லத்தக்கதாய் அமைந்தது.

எனினும், வாங்குவோர் மனத்தில் ஸ்டேஷன் வாகன் என்றால் மரமே. ஆதலின், முதலில் வெளிவந்த வண்டிகளின் உருக்குப் பக்கங்களில் மரச்சட்டமும் மரப்பலகையும் போலத் தோன்றுமாறு வர்ணந் தீட்டினர். உடல் கருஞ்சிவப்பு, பக்கங்களிற் பாலேடு போன்ற மஞ்சளும் பழுப்பும். தகட்டில் அழுத்திய மேடுபள்ளங்களே சட்டங்களாயின. இரும்பு மரவேடம் பூண்டு சந்தைக்கு வந்தது. இம்மரவேடம் வயதறிவோர்க்கு முதல் அடையாளமாகும். 1946இலும் அதனை அடுத்த சில ஆண்டுகளிலும் வந்தவற்றிலே இதனைக் காணலாம். பின்னர், மக்கள் உருக்குடலை உருக்குடலாகவே ஏற்கத் தொடங்கியதும், ஒரே வர்ணம் பூசிய வண்டிகளும் வெளிவரலாயின. 1949இல் பிளிமத் நிறுவனமும் முழு உருக்கு வாகனைக் கொணர்ந்தது. மரத்தின் காலம் சாயத் தொடங்கிற்று.

இனி, அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

முதல் வண்டியின் குறியீட்டெண் 463. இதில் 4 என்பது இயந்திரத்தின் உருளைகளின் தொகை. 63 என்பது பரிவலு. 134 கன அங்குல அளவுடைய அவ்வியந்திரம் படை ஜீப்பில் உழைத்த அதே இனத்தது. முன்சில்லுகள் தனித்தனியே அசையுமாறு குறுக்கே இட்ட ஒரு பட்டைவில் தாங்கிற்று. வில்லிஸ் நிறுவனத்தின் பொறியியலறிஞர் பார்னி ரூஸ் என்பாரின் அமைப்பு அது. 1948இல் ஆறுருளை இயந்திரம் பொருத்திய 663 என்னும் வகை வந்தது. அவ்வகையைச் சார்ந்து ஸ்டேஷன் செடான் என்ற பெயரில், சற்று உயர்ந்த அலங்காரமுடைய வண்டியும் வெளிவந்தது. அதன் பக்கங்களில் மரச்சட்டத் தோற்றம் இல்லை. பிரம்பு பின்னியது போன்ற தோற்றத்தைக் காணலாம். ஆகவே, பக்கத் தகட்டிற் பிரம்புப் பின்னலின் சுவடு தெரியின், அது வெறும் வாகனன்று, ஸ்டேஷன் செடான் என்று கருதுவதற்கு இடமுண்டு.

1949இல் மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நாலு சில்லுகளும் இழுக்கும் அமைப்பு இவ்வாகனுக்கும் வந்தது. குறியீட்டெண்ணின் முன்னே 4×என்ற அடையாளம் சேர்ந்தது. முன்னே தனித்தனியே அசையும் சில்லுகளுக்கு மாறாக, ஒரே திண்ணிய அச்சும் அதன் இருபாலும் பட்டைவிற்களும் அமைந்தன. வண்டியின் அடியிலே குனிந்து பார்ப்பவர் இவ்வேறுபாட்டை ஒரு கணத்தில் அறியலாம். குடும்ப வண்டியின் உடலும் சேற்றிற் செல்லும் ஜீப்பின் கால்களும் ஒன்றாய்ச் சேர்ந்த இவ்வமைப்பே பிற்காலத்து வண்டிகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. 1950களின் நடுப்பகுதி தொடக்கம் யூட்டிலிற்றி வாகன், அதாவது பயன்பாட்டு வாகன், என்ற பெயர் இவற்றுக்கு வழங்கலாயிற்று.

அடுத்து முகப்பு. வயதறிவதற்கு மிகவும் எளிதாகப் பயன்படுவது இதுவே. 1946 தொடக்கம் 1950இன் முற்பகுதிவரை முகப்பு தட்டையானது. நேர்நிலைப் பிளவுகள் உடையது. முன்மட்கார்ட்டின் முன்விளிம்பும் தட்டையாகவே இருக்கும். 1950ஆம் ஆண்டின் இடையில் இவ்விரண்டும் மாறின. முகப்பு நடுவில் முன்னே புடைத்து ஆப்பு வடிவாயிற்று. ஒன்பது நேர்நிலைச் சட்டங்களைக் கிடைநிலைச் சட்டங்கள் ஐந்து குறுக்கே கடந்தன. மட்கார்ட்டுகளும் முன்னே கூர்மை பெற்றன. 1954இற் கிடைச்சட்டங்கள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தன, நேர்ச்சட்டங்கள் ஒன்பதே. எனவே, தட்டையெனின் 1950க்கு முன் அல்லது அவ்வாண்டின் முற்பகுதி. ஐந்து சட்டமெனின் 1950 தொடக்கம் 1953வரை. மூன்று சட்டமெனின் 1954உம் அதற்குப் பின்னும். இதனை நினைவில் வைத்துக்கொண்டால் தெருவின் மறுபக்கத்தில் நின்றே ஒரு வண்டியின் காலத்தைப் பெரும்பாலும் மதிப்பிடலாம்.

முன்கண்ணாடியும் ஒரு சான்று. தொடக்கத்தில் அது நடுவே ஒரு சட்டத்தாற் பிரிக்கப்பட்ட இரு தட்டைக் கண்ணாடிகளால் ஆயது. 1960இல் ஒரே கண்ணாடியாயிற்று. ஆகவே, மூன்று சட்ட முகப்பும் பிளவுபட்ட கண்ணாடியும் சேர்ந்திருப்பின் 1954க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலம். மூன்று சட்ட முகப்பும் ஒற்றைக் கண்ணாடியும் சேர்ந்திருப்பின் 1960 தொடக்கம் 1965வரை.

இயந்திரமும் தன் கதையைச் சொல்லும். 1950இல் முகப்பு மாறியபோதே நாலுருளை இயந்திரமும் மாறிற்று. ஹரிக்கேன் என்று பெயரிடப்பட்ட புதிய இயந்திரத்தில், எரிபொருட் கலவை உட்புகும் வால்வுகள் உருளைகளின் மேலே அமைந்தன. புகை வெளிச்செல்லும் வால்வுகள் பக்கத்திலேயே நின்றன. அளவு முன்னைய 134 கன அங்குலமே. வலுவோ 72 பரிவலுவாக உயர்ந்தது. குறியீடும் 473 ஆயிற்று. இவ்வியந்திரம் முன்னையதினும் உயரமானது. இதனைச் சிறிய ஜீப்பில் வைப்பதற்காக 1953இல் அச்சிறிய ஜீப்பின் பொனெட்டை உயர்த்த நேர்ந்தது. வாகனுக்கோ முன்பே உயர்ந்த பொனெட் இருந்தமையால் அத்தொல்லை நேரவில்லை. 1954இல் 226 கன அங்குல ஆறுருளை இயந்திரம் 115 பரிவலுவுடன் நாலு சில்லு வாகனுக்கு வந்தது. 1962இல், வால்வுகளை இயக்கும் தண்டு தலைப்புறத்தே அமைந்த 230 கன அங்குல டொர்னேடோ இயந்திரம் வந்தது.

226 கன அங்குல இயந்திரம் வந்ததற்கு ஒரு காரணமுண்டு. 1953ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் வில்லிஸ் ஓவர்லாண்ட் நிறுவனத்தைக் கைசர் குழுவினர் வாங்கினர். அவர்தம் கார்களில் இருந்த இயந்திரமே ஜீப்பின் வீட்டுக்குக் குடிவந்தது. நிறுவனத்தின் பெயரும் வில்லிஸ் மோட்டர்ஸ் என்றாயிற்று. 1963இல் அது கைசர் ஜீப் கோர்ப்பரேஷன் என மீண்டும் மாறிற்று. கல்வெட்டிலே மன்னன் பெயரைக் கொண்டு காலம் கணிப்பதுபோல, வண்டியின் விவரத்தகட்டில் நிறுவனத்தின் பெயர் எவ்வாறு பொறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டும் காலத்தின் எல்லையை வரையலாம்.

விவரத்தகட்டைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அது பெரும்பாலும் இயந்திரத்துக்கும் ஆசனங்களுக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரிற் பொருத்தப்பட்டிருக்கும். முதலாண்டுகளில் வரிசையெண்ணின் முன்னே வகைக்குறியீடு நிற்கும். 1951ஐ அடுத்து வந்த சில ஆண்டுகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முன்னுள்ள மூன்று இலக்கங்களுள் முதலாவது உருளைகளின் தொகையையும், ஏனைய இரண்டும் ஆண்டையும் காட்டும். 452 எனின் நாலுருளை, 1952; 653 எனின் ஆறுருளை, 1953. இவ்வழக்கம் நீடித்திருப்பின் நம் வேலை எளிதாயிருக்கும். 1955 முதல் அதனைக் கைவிட்டு, ஐந்திலக்கக் குறியீட்டைக் கைக்கொண்டனர். எடுத்துக்காட்டாக, 54168 என்பது 226 கன அங்குல இயந்திரத்தையுடைய நாலு சில்லு வாகன். வகை தெரிகின்றது, ஆண்டு தெரிவதில்லை. அதனை அறிய, தொடர்ந்துவரும் வரிசையெண் எந்த ஆண்டின் எல்லைக்குள் விழுகின்றது எனப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும்.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கேட்கலாம். ஆண்டுதோறும் புதிய வடிவம் வெளியிடுவது அமெரிக்கக் கார் வாணிகத்தின் வழக்கமாயிற்றே. அவ்வழக்கம் இங்கே ஏன் தெளிவாக நடைபெறவில்லை? காரணம் பணமே. புதிய முகப்புக்குப் புதிய அச்சுகள் வேண்டும்; அச்சுகளுக்குப் பெரும்பொருள் வேண்டும். ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற பெருநிறுவனங்கள் ஆண்டுக்கோர் ஆடை மாற்றவல்லன. வில்லிஸ் போன்ற சிறுநிறுவனம் ஓர் ஆடையைப் பல்லாண்டு உடுத்தியது. தேவை வந்தபோது, ஆண்டின் இடையிலேயே, மாற்றியது. 1950ஆம் ஆண்டுக்கு இரு முகங்கள் வாய்த்தமை இதனாலேயே. 'ஐம்பதாமாண்டு வண்டி' என்று ஒருவர் சொன்னால், 'எந்த ஐம்பது?' என்று வினவுவதே முறை.

பத்திரமும் ஏமாற்றும். வண்டி ஆலையை விட்டு வெளிவந்த ஆண்டு ஒன்று. விற்பனையாளரின் முற்றத்தில் நின்று ஒருவர் கைக்குச் சென்ற ஆண்டு மற்றொன்று. விற்ற ஆண்டையே வண்டியின் ஆண்டாகப் பதிந்த பத்திரங்கள் உண்டு. நாம் முன்னே சொன்ன ஏட்டுச் சுவடியின் நிலைதான் இது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட வினாவுக்கு அவர் விடை எழுதவில்லை என்பதே உண்மை.

வகைகளின் வேறுபாடும் அறியத்தக்கது. பின்பக்கங்களிற் கண்ணாடியின்றித் தகடு மூடிய வண்டி, சரக்குக் கொண்டுசெல்வதற்கெனச் செய்த டெலிவரி வகை. அதன் பின்புறத்தில் இரு கதவுகள் இருபாலும் திறக்கும். வாகனிலோ மேற்பாதி மேலும் கீழ்ப்பாதி கீழும் திறக்கும். 1950களின் இறுதியில் மாவெரிக் என்னும் பெயருடன் இரு சில்லு இயக்கமுடைய ஒரு வகை வந்தது. அது கைசர் குழுவினர் ஆதரித்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் பெயர். அதன் இருவர்ண அலங்காரம் கண்ணைக் கவர்வது. கண்ணைக் கவர்வதனாலேயே பிற்காலத்தில் வேறு வண்டிகளுக்கும் அவ்வலங்காரத்தைப் பூசிவிடுதல் எளிது. ஆகவே, வர்ணத்தை மட்டும் நம்பி வகையைத் தீர்மானித்தல் ஆகாது.

இனி, இவ்வடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது செய்யத்தக்கது யாது? ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒருவர் முன்னே ஒரு வாகன் நிற்கின்றது. பத்திரத்தில் 1955 என்றுளது. முகப்பில் மூன்று கிடைச்சட்டங்கள். பொனெட்டின் கீழே 226 கன அங்குல ஆறுருளை இயந்திரம். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று இசைவன. வாங்குவோர் மனநிறைவோடு 1955 என்று எழுதிவிடலாம். ஆனால், தகட்டுச் சுவரில் உள்ள வரிசையெண் 453 எனத் தொடங்குகின்றது. அஃதாவது, நாலுருளை, 1953.

மூன்று சாட்சிகள் ஒருபுறம். ஒரு சாட்சி மறுபுறம். நீதிமன்றமாயின் மூவர் சொல்லே வெல்லும் என நினைப்போம். இங்கே சாட்சிகளை எண்ணுவது போதாது; அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று கேட்க வேண்டும். முகப்பு ஆணிகளாற் பொருத்தப்படுவது. ஒரு சிறு விபத்துக்குப் பின் மாற்றத்தக்கது. இயந்திரம் தேய்ந்தால் மாற்றுவது உழவர் வழக்கம். பத்திரம் விற்பனையைக் காட்டக்கூடும். ஆனால், அடிச்சட்டத்தில் நாலுருளை இயந்திரத்தைத் தாங்கிய பழைய தாங்கிகளின் சுவடு காணப்படின், நான்காம் சாட்சிக்குத் துணை கிடைத்துவிடுகின்றது. எளிதில் மாற்றமுடிந்தவை பல கூடிச் சொல்வதினும், மாற்றுதற்கரியது ஒன்று சொல்வது வலியது. அவ்வண்டி 1953இற் பிறந்தது. பின்னர் ஒருவர் அதற்கு வலிய இயந்திரமும் புதிய முகமும் கொடுத்தார் என்பதே அப்போது பொருந்தும் முடிவு. சுவடு காணப்படாவிடின், விவரத்தகடே வேறொரு வண்டியிலிருந்து வந்ததோ என்று ஐயுற வேண்டும். அத்தகட்டின் ஆணிகள் பழையனவா, பின்னர் இட்டனவா என்று நோக்குவதும் அதனாலேயே.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வாங்குவோனுக்கு இது பொருளைப் பற்றியது. முதல் நாலு சில்லு வாகன்களுள் ஒன்று என்று நம்பிப் பெருவிலை கொடுத்தவர், பின்னர் அஃது இரு சில்லு வண்டியொன்றின் உடல், வேறொன்றின் அடிச்சட்டத்தில் ஏறியது எனக் காணின் அவர் இழப்புச் சிறிதன்று. உதிரியுறுப்புத் தேடுவோனுக்கும் இது தேவை. ஆண்டைத் தவறாக அறிந்தவர் பொருந்தாத உறுப்பை வாங்குவார்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. இவ்வண்டிகள் செல்வர் கொட்டிலில் துணி போர்த்து வைத்தவை அல்ல. பண்ணையிலும் காட்டிலும் பனியிலும் உழைத்தவை. ஒன்றன் கதவு மற்றொன்றுக்குப் போயிற்று, உடைந்தது ஒட்டப்பட்டது, இல்லாதது கையாற் செய்யப்பட்டது. அவ்வுழைப்பின் வரலாறு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஒட்டுத்தகட்டிலும், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த வர்ணப் படைகளிலும், பயன்படாது எஞ்சிய ஆணித்துளைகளிலுமே எழுதப்பட்டுள்ளது. பழைய வண்டியைப் புதிதாக்க விரும்புவோர் முதலிற் செய்வது யாது? வர்ணத்தை முற்றாகச் சுரண்டுவது, துளைகளை அடைப்பது, ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்து அதுபோல ஆக்குவது. வண்டி பளபளக்கும், சான்று அழிந்துவிடும். பிரம்புப் பின்னலின் கடைசிச் சுவடு தேய்க்கும் காகிதத்தின் கீழே மறைந்தபின், அது ஸ்டேஷன் செடானாக இருந்தது என்பதைச் சொல்ல எவருமில்லை.

ஆதலின், கைவைக்குமுன் பார்த்தல் வேண்டும். பார்த்ததை எழுதுதல் வேண்டும். படம் எடுத்தல் வேண்டும். கதவின் உட்புறம், ஆசனத்தின் கீழ், கருவிப்பலகையின் பின் ஆகிய இடங்களிற் பிற்கால வர்ணம் எட்டுவதில்லை. முதல் வர்ணம் அங்கே ஒளிந்திருக்கும். அதனைக் கண்டபின்னரே முடிவு செய்தல் முறை. முடிவு செய்ய இயலாதபோது '1950 தொடக்கம் 1953வரை' என்று எழுதுவதில் இழிவில்லை. அறியாததைத் துல்லியமாகச் சொல்வதே இழிவு.

இவ்வாகனின் மரபு டொலீடோவோடு முடியவில்லை. ஆர்ஜென்டீனாவில் எஸ்தான்சியேரா என்ற பெயரில் அது செய்யப்பட்டது. பிரேசிலில் ரூரால் என்ற பெயருடன் வேறுபட்ட முகப்போடு 1977வரை வெளிவந்தது. யப்பானில் மிட்சுபிஷி நிறுவனத்தாரும் ஜீப் வாகன்களைச் செய்தனர். அமெரிக்காவில், அதே புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வரைந்த வாகனீர் என்னும் புதிய வண்டி, 1963ஆம் ஆண்டின் வண்டியாக, 1962 நவம்பரிலேயே அறிமுகமாயிற்று. ஆண்டின் பெயரும் நாட்காட்டியின் ஆண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே தக்க சான்று. பழையதும் புதியதும் சில ஆண்டுகள் ஒரே காலத்திற் செய்யப்பட்டன. 1965இற் பழையது விடைபெற்றது.

மரம் போல வேடமிட்டுத் தோன்றிய ஓர் உருக்கு வண்டி, பின்னர் அவ்வேடத்தைக் களைந்து, தன் உருவத்தாலேயே மதிப்புப் பெற்றது. அதன் வயதை அறிய முயல்வோர் அதன் முகத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாது, அடியிலும் குனிந்து பார்ப்பாராக. பத்திரத்தைப் படிப்பாராக; ஆனால், பத்திரத்துக்காக இரும்பை மறுக்காதிருப்பாராக. கல்லாயினும் ஏடாயினும் வண்டியாயினும், சான்றைக் கேட்டபின் முடிவு கூறுவதே வரலாற்று மாணவனின் கடன்.